'பாய்ஸ்' துப்பாக்கி: ரைபிளால டாங்கியைத் துளைச்சது நெசமா?

கல்லிடைக்காரன்:
எங்க தாத்தா 1942-ல பட்டாளத்துல சேந்தாவ. வலது தோளைத் தடவிக்கிட்டே "இது பாய்ஸ் குடுத்த பரிசுடே"ம்பாவ. யாரோ பயலுவ கூடி அடிச்சுப்புட்டானுவ போலன்னு சின்ன வயசுல நெனச்சிருந்தோம். பொறவுதான் தெரிஞ்சுது, அது டாங்கியை அடிக்கிற ரைபிளாம். பர்மாவுக்குப் போறதுக்கு முன்னால இரும்புத் தகட்டை நிறுத்திச் சுட வச்சாவளாம். போன ஞாயித்துக்கிழமை ஆத்துல குளிச்சுட்டு வரும்போது மச்சினன்கிட்ட இதைச் சொன்னேன். "ரைபிளால டாங்கியவா? ஒங்க தாத்தா நல்லா அளந்திருக்காவ"ன்னுட்டான். தாத்தா இப்ப இல்ல, பதில் சொல்ல வேண்டியது நான்தான். ஒரு ஆளு தூக்குற துப்பாக்கி டாங்கியைத் துளைக்குமா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேட்டைப் பையன்:
கேம்ல துளைக்கும் அண்ணே. நெசத்துல தெரியல.

ஆர்மரர், பாளையங்கோட்டை:
தம்பி, நான் பட்டாளத்துல துப்பாக்கி ரிப்பேர் பாத்தவன். ஒரு பழைய கிடங்குல பாய்ஸைத் தூக்கியே பாத்திருக்கேன், அதனால சொல்லுதேன். தாத்தா அளக்கல.

மொதல்ல பேரு. பயலுவளுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. இங்கிலாந்துல என்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலையில கேப்டன் பாய்ஸ்னு ஒருத்தர் வடிவமைப்புல இருந்தார். மொதல்ல 'ஸ்டாஞ்சன்'னுதான் பேரு வச்சிருந்தாங்க. 1937-ல அதைப் பட்டாளத்துக்கு எடுக்கப்போற நேரத்துல மனுசன் காலமாயிட்டார். அவர் பேரையே அதுக்கு வச்சுட்டாங்க.

நீளம் அஞ்சடி ரெண்டங்குலம், எடை 16 கிலோ. குண்டு 13.9 மி.மீ. விட்டம். அஞ்சு குண்டு மேகசின் துப்பாக்கிக்கு மேல நிக்கும். அது பார்வையை மறைக்கும்னு குறிபாக்குற முள்ளை இடதுபக்கமாத் தள்ளி வச்சிருப்பான். 100 கெஜத்துல நேரா பட்டா 20 மி.மீ. இரும்புக்கு மேலயே துளைக்கும். இப்ப கணக்குப் பாரு: ஜப்பான்காரனோட 95-ஆம் வகை லைட் டாங்கிக்குக் கனமான எடத்துலயே 12 மி.மீ. தகடுதான். மச்சினன்ட்ட இதை மட்டும் சொன்னாப் போதும்.

தோள் சங்கதிதான் எனக்குப் பிடிச்ச எடம். 1916 செப்டம்பர்ல பிரான்ஸ் போர்க்களத்துல பிரிட்டிஷ்காரன் மொதத் தடவையா டாங்கியை எறக்கினான். 1918-ல ஜெர்மன்காரன் மாசர் ரைபிளையே ஊதிப் பெருக்கினாப்ல 13.2 மி.மீ.ல ஒண்ணு செஞ்சான். ஒரு தடவைக்கு ஒரு குண்டு. உதையைத் தாங்க ஸ்பிரிங்கும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அதை ரெண்டே தடவைதான் சுட முடியும், வலது தோள்ல ஒண்ணு இடது தோள்ல ஒண்ணுன்னு கேலி பேசுவாங்க.

பொறவு வந்தவன் எல்லாரும் அந்த உதையோடதான் மல்லுக்கட்டினான். பாய்ஸ்ல குழலும், அதோட பின்பக்கத்தை அடைக்கிற பூட்டும் சேந்தாப்ல ஒரு சட்டத்துமேல பின்னால சறுக்கி ஸ்பிரிங்குல மோதும். குழல் வாயில ஒரு பிரேக் உண்டு. வயல்ல மோட்டாரைப் போட்டவுடனே ஹோஸ் பின்னால உதறுமே, அதே சமாச்சாரந்தான். அந்த வாயில தண்ணியைப் பக்கவாட்டுல திருப்பிவிட்டா உதறல் கொறையும்லா? இங்க வெடிமருந்துப் புகையைத் திருப்பிவிடுதான். தோள்ல வைக்கிற கட்டையில மெத்தை வேற. இம்புட்டு இருந்தும் வலிக்கும். கட்டைக்கும் தோளுக்கும் நடுவுல விரல்கடை இடம் விட்டுட்டா அடி பலமா விழும். புதுசாச் சேந்த பயலுவ பயத்துல அதைத்தான் செய்வானுவ. தாத்தாவும் செஞ்சிருப்பாவ.

ரஷ்யாக்காரன் 1941-ல 14.5 மி.மீ.ல ரெண்டு செஞ்சான். டெக்தியாரெவ் செஞ்சது ஒத்தை குண்டு, ரெண்டு மீட்டர் நீளம். சுட்டதும் குழல் பின்னால போற வேகத்துலயே பூட்டு தானாத் தொறந்துக்கும். கெட்டிக்கார வேலை. சிமோனவ் செஞ்சது அஞ்சு குண்டு, தானாவே அடுத்த குண்டை ஏத்திக்கும். ஃபின்லாந்துக்காரன் செஞ்ச 'லாத்தி' 20 மி.மீ., 50 கிலோ. அதைத் துப்பாக்கின்னு சொல்லவே எனக்கு மனசு வரல.

கல்லிடைக்காரன்:
அண்ணாச்சி, ரொம்ப நன்றி. இம்புட்டு நல்லா இருந்தா ஏன் அப்புறம் காணாமப் போச்சு?

ஆர்மரர், பாளையங்கோட்டை:
தகட்டை எவ்வளவு வேணும்னாலும் கனமாக்கலாம் தம்பி, தோளை ஆக்க முடியுமா? 1942-ல வந்த டைகர் டாங்கிக்கு முன்பக்கம் 100 மி.மீ. அதைத் துளைக்கிற குண்டை எவன் தோள்ல வச்சுச் சுடுவான்? அந்த நேரத்துல குழிவு வெடி வந்துச்சு. உள்பக்கம் கூம்பு மாதிரி குழிச்சு, செம்பு மாதிரி மெல்லிசான உலோகத்தைப் படிய வச்ச வெடி. வெடிச்சதும் அந்த உலோகம் ஒரு ஊசியாப் பாய்ஞ்சு தகட்டைத் துளைக்கும். அது எம்புட்டு வேகமா வந்து விழுந்துதுங்கிறது முக்கியமில்ல. வேகம் வேண்டாம்னா பெரிய உதையும் வேண்டாம். அந்த வெடியை எறியிறதுக்கு அமெரிக்காக்காரன் செஞ்சது பசூக்கா, பிரிட்டிஷ்காரன் செஞ்சது பியட்; ரெண்டும் ஒரு ஆளு தோள்ல வச்சு அடிக்கிற ஆயுதந்தான். 1943-லேர்ந்து பாய்ஸ் எடத்துல பியட் வந்துட்டு.

ஆனா ரஷ்யாக்காரன் கடைசிவரை விடல. பக்கவாட்டுலயும் டிரைவர் எட்டிப் பாக்குற சந்துலயும் அடிச்சுக்கிட்டே இருந்தான். அதுக்குப் பயந்துதான் ஜெர்மன்காரன் 1943-ல டாங்கிக்கு ரெண்டு பக்கமும் பாவாடை கட்டினாப்ல தகடு தொங்கவிட்டான்.

வண்ணாரப்பேட்டை வாசகன்:
ஒரு சின்னச் சேதி. அந்த ஜாதி இன்னும் சாகல. நம்ம திருச்சி படைக்கலத் தொழிற்சாலையில செய்யுற 'வித்வன்சக்' துப்பாக்கி அதே 14.5 மி.மீ. குண்டையும் சுடும். டாங்கிக்கு இல்ல, ஜீப், ரேடார், பங்கர் மாதிரி எலக்குகளுக்கு.

கல்லிடைக்காரன்:
எல்லாத்தையும் மச்சினன்ட்ட வாசிச்சுக் காட்டினேன். எங்க தாத்தா ஒயரமும் அஞ்சடி ரெண்டங்குலந்தான், அந்தத் துப்பாக்கி அளவு. மச்சினன் கொஞ்ச நேரம் யோசிச்சான். "சரிடே, துப்பாக்கி துளைச்சிருக்கும். ஒங்க தாத்தா சுட்டது தகட்டுல பட்டுச்சான்னு எவனுக்குத் தெரியும்?"ங்கான். இதுக்கு என்ன சொல்ல அண்ணாச்சி?