கல்யாணத்துக்கு 85 லென்ஸ் ஒன்று போதுமாம்!

தம்வே தம்பி:
பக்கத்து இழையில் ஒத்தலென்ஸ் அண்ணன் எழுதியதை அப்படியே போடுகிறேன்: "கல்யாணத்துக்கு 85 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று போதும். பத்தடி தள்ளி நின்றால் மணவறை முழுக்க வரும். 70-200 ஜூம் லென்ஸ் தூக்கிக்கொண்டு அலைகிறவன் படம் எடுக்க வந்தவன் இல்லை, பந்தா காட்ட வந்தவன்." அந்தப் பந்தா ஆசாமி நான்தான் என்று ரங்கூனில் எல்லாருக்கும் தெரியும். சரி, போகட்டும். பத்தடியில் மணவறை எப்படி அண்ணே வரும்? உங்கள் கையில் இருப்பது குரோப் சென்சார் கேனான், அதாவது படம் பதிகிற சென்சார் சின்னது. சென்சார் அகலமே 22.3 மில்லிமீட்டர். பத்தடியில் உங்கள் 85 பார்ப்பது இரண்டரை அடி சொச்சம். மாப்பிள்ளை வருவார். பெண்ணுக்கு அடுத்த முகூர்த்தம் பார்க்க வேண்டியதுதான்.

ஒத்தலென்ஸ்:
கணக்கு வாத்தியாருக்கு வணக்கம். 85 என்றால் 85. கேமரா பாடியை மாற்றினால் கண்ணாடி நீளுமா? பதினைந்து வருஷமாகப் பத்தடியில்தான் நிற்கிறேன். ஒரு பெண்வீட்டாரும் திட்டியதில்லை.

மோல்மேன் பழசு:
லென்ஸ் நீளாது, ஆனால் படத்தில் அடங்கும் இடம் சுருங்கும். இரண்டும் வேறு. மணவறை ஆறடி என்று வைத்தாலும் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேமில் 14 அடி தள்ளி நிற்க வேண்டும், குரோப்பில் 23 அடி. நாங்கள் ஒரு ரோலுக்கு 36 படம் என்று எண்ணி எண்ணி எடுத்த காலத்திலேயே இது தெரியும். மோல்மேனில் சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்வான்.

ஒத்தலென்ஸ்:
மோல்மேனில் கல்யாணம் நடக்கிறதா சயா, வாத்தியாரே? மகிழ்ச்சி. நான் சொன்னது பத்தடி. என் கால் அளந்த பத்தடி.

பூச்சரம்:
என் அக்கா கல்யாணத்துக்கும் ஒற்றை லென்ஸோடு ஒருவர் வந்தார். யாரென்று சொல்ல மாட்டேன். தள்ளித் தள்ளிப் போய் கடைசியில் பந்தி நடக்கும் இடத்துக்கே போய்விட்டார். கெட்டிமேளம் கொட்டியதும் சனம் எல்லாம் எழுந்து நின்று அட்சதை போட்டது. தாலி கட்டுகிற படத்தில் தாலி இல்லை. என் பெரியப்பாவின் வழுக்கை இருக்கிறது, மிகத் துல்லியமாக. மணவறைக்கும் கேமராவுக்கும் நடுவில் அந்த 23 அடியில் சொந்தக்காரர்கள் இருப்பார்கள் என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவே இல்லையே?

ஒத்தலென்ஸ்:
அந்தப் பெரியப்பாவை உட்காரச் சொல்லி மூன்று தடவை கெஞ்சினேன். அவர் உட்கார்ந்தாரா?

அப்புறம் இதற்குப் பதில் சொல்லுங்கள். கரண்ட் போய், ஜெனரேட்டர் இருமி இருமி ஓடும்போது எஃப் 1.8 வரை திறக்கிற என் லென்ஸ் வாங்குகிற வெளிச்சம், 2.8 வரைதான் திறக்கிற உன் 70-200 வாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். என் லென்ஸ் 425 கிராம். தம்பி தூக்குவது ஒன்றரைக் கிலோ. முகூர்த்தம் முடிவதற்குள் தோள் இறங்கிவிடும். இன்னொன்று, 70-200 எழுபதுக்குக் கீழே போகாது. அதில் நீ எத்தனை அடியில் நிற்கிறாய்? சமையல்கட்டிலா?

தம்வே தம்பி:
மணவறைக்கு நான் இன்னொரு பாடியில் அகலமாகப் பார்க்கிற 35 எம்எம் போட்டு வைத்திருப்பேன். 70-200 முகத்துக்கு மட்டும். அழுகிற அம்மாவை மூக்குக்கு நேரே நின்று எடுத்தால் அழுகை நின்றுவிடும், அதனால் தள்ளி நிற்கிறேன். வெளிச்சம் சரிதான். ஆனால் பத்தடியில் 1.8 முழுக்கத் திறந்தால் முன்பின்னாகக் கூர்மையாக வருவது நாலு விரல் அகலம். பெண் கொஞ்சம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாலே மங்கல்.

ஒத்தலென்ஸ்:
ஆக, பத்தடியில் எடுக்கலாம் என்று ஒத்துக்கொண்டாய்!

தம்வே தம்பி:
எங்கே ஒத்துக்கொண்டேன்?

ஒத்தலென்ஸ்:
"பத்தடியில் 1.8 திறந்தால்" என்று எழுதியது உன் பாட்டியா?

தமிழ்க்காவலன்:
லென்ஸ் என்று எழுதாதீர்கள். வில்லை என்று அழகான சொல் இருக்கிறது.

பூச்சரம்:
ஒத்தவில்லை என்று பெயர் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் கருத்தோடு யாரும் ஒத்துப்போகாததற்கும் பொருந்தும்.

மோல்மேன் பழசு:
சண்டையில் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். மழைக்காலம். எந்த லென்ஸ் வாங்கினாலும் ஆறு மாதம் தோல் பைக்குள் பூட்டி வைத்தால் உள்ளே பூஞ்சை படரும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ரங்கூன்காரர்களுக்கு வாங்கத்தான் தெரியும், வைத்துக்கொள்ளத் தெரியாது.

ஒத்தலென்ஸ்:
ரங்கூனை இழுக்காதீர்கள். போன தையில் அனோரதா ரோடு காளியம்மன் கோயிலில் என் பக்கத்தில் நின்று, "அந்த 85-ஐக் கொஞ்சம் கொடு" என்று வாங்கிப் பார்த்தது யார்? மோல்மேனா, ரங்கூனா?

மோல்மேன் பழசு:
பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

ஒத்தலென்ஸ்:
தூசி அது!!

தம்வே தம்பி:
அண்ணே, பத்தடிக்கு வாருங்கள்.

ஒத்தலென்ஸ்:
பத்தடியில்தான் நிற்கிறேன், நீதான் வருவதில்லை. ஆடி முடியட்டும். ஆவணியில் முதல் முகூர்த்தம் என்னுடையது. அளக்கிற டேப்போடு வா. மணவறை முழுக்க வராவிட்டால் உனக்கு மொஹிங்கா மீன்சூப் நூடுல்ஸ் என் செலவு.

தம்வே தம்பி:
டேப் கொண்டுவருகிறேன். போன வருஷம் "ஒரே நாள் தம்பி" என்று வாங்கிப்போன என் ஃபிளாஷை நீங்கள் கொண்டுவாருங்கள்.

ஒத்தலென்ஸ்:
1.8 இருக்கிறவனுக்கு ஃபிளாஷ் எதற்கு?

தம்வே தம்பி:
அதைத்தான் நானும் ஒரு வருஷமாகக் கேட்கிறேன்.

பூச்சரம்:
ஆவணிக் கல்யாணத்துக்கு எங்கள் பெரியப்பாவுக்கும் பத்திரிகை வந்திருக்கிறது. முன்வரிசை.