மேலமாசி வீதி ஆட்கள்

[ஞாயிறு, காலை 9.04] கார்த்திகா: எல்லாருக்கும் வணக்கம். காலேஜ்ல ஒரு வேலை குடுத்திருக்காங்க. நீங்க இருந்த ஊர்ல உங்க மனசுல நிக்கிற ஒரு இடத்தைச் சொல்லணும். நான் அதை மேப்புல குறிச்சுப் படம் வரையணும். ஹவுரா பாலம், மெரினா, கேட்வேன்னு ஊருக்கே தெரிஞ்சது வேண்டாம். ஆளுக்கு ஒண்ணு. நாளைக்குக் குடுக்கணும்.

[9.06] அப்பா: நல்ல முயற்சி 👍

[9.06] கார்த்திகா: அப்பா, இடம் சொல்லுங்க

[9.07] அப்பா: நான் எங்க மதுரையை விட்டுப் போனேன்

[9.11] மாலதி அத்தை: என்னோடது லேடீஸ் கம்பார்ட்மென்ட்

[9.11] கார்த்திகா: அத்தை, அது ஓடுற ரயில். நான் இடம் கேட்டேன்

[9.13] மாலதி அத்தை: ஏன்டி, கல்யாணமாகி மும்பை மாட்டுங்கா வந்ததுல இருந்து நான் உக்காந்த இடமே அதுதான். அதுவும் ஃபோர்த் சீட்டு. மூணு பேர் உக்கார்ற பெஞ்சுல நாலாவதா ஒட்டிக்கிறது. பாதி உடம்பு பெஞ்சுல, பாதி அந்தரத்துல

[9.14] மாலதி அத்தை: ஏறின உடனே "நீ எங்க இறங்குவே"ன்னு கேட்டு சீட்டைச் சொல்லி வச்சுக்கணும். எனக்கு இந்தி வந்ததே அந்தக் கேள்வியிலதான். சாயங்காலம் கொத்தவரங்காயை ஆய்ஞ்சுகிட்டே வருவாங்க. ஒரு மராத்தி அம்மா பஜனை பாடும், பத்துப் பேர் கை தட்டுவோம்

[9.15] சுந்தர் சித்தப்பா: அக்கா, நாயக் மெஸ்ஸைச் சொல்லுக்கா. ஸ்டேஷன் பக்கத்து மாடியில, வாழை இலையில போடுவாங்களே. 1942ல ஆரம்பிச்சது

[9.16] மாலதி அத்தை: அது நீ வந்தா சாப்பிடுற இடம். நான் எதுக்குடா வீட்ல சமைச்சிட்டு அங்க போறேன்

[9.17] மாலதி அத்தை: கார்த்தி, இடம்தான் வேணும்னா எங்க ஸ்டேஷனையே போட்டுக்க. 2017ல இருந்து ஸ்டேஷன் மேனேஜர், டிக்கெட் கவுன்டர், போலீஸ் எல்லாம் பொம்பளைங்கதான். மும்பை லோக்கல்ல மொதல்ல எங்க ஊர்லதான் அப்படிப் பண்ணாங்க

[9.17] கார்த்திகா: சூப்பர். மாட்டுங்கா ஸ்டேஷன் போட்டாச்சு

[9.18] மாலதி அத்தை: போட்டுக்க. ஆனா மனசுல நிக்கிறது ஃபோர்த் சீட்டுதான்

[9.25] பெரியப்பா: மூர் மார்க்கெட்

[9.26] கார்த்திகா: எங்க பெரியப்பா இருக்கு?

[9.26] பெரியப்பா: இல்ல

[9.27] கார்த்திகா: 🙄

[9.34] பெரியப்பா: சென்ட்ரல் பக்கத்துல, செவப்புக் கட்டடம். 1900ல திறந்தது. கார்ப்பரேஷன் தலைவரா இருந்த மூர்ங்கிற வெள்ளைக்காரன் பேரு. புறா, கிளி, கிராமபோன் தட்டு, பழைய பூட்டு, எது வேணும்னாலும் கிடைக்கும். நான் போனது பழைய புத்தகத்துக்கு. திருவல்லிக்கேணி மேன்ஷன்ல இருந்து நடந்தே போயிருவேன். பஸ் காசு மிச்சம்.

வேணுங்கிற புத்தகத்தைத் தொடவே கூடாது. பக்கத்துல இருக்கிறதை எடுத்துப் புரட்டி, அதுக்கு விலை கேட்டு, வேண்டாம்னு வச்சிட்டு, போற போக்குல "இது எவ்வளவு"ன்னு கேக்கணும். கடைக்காரருக்கும் இந்த நாடகம் தெரியும். அவரும் அவர் பங்குக்கு நடிப்பார். செமஸ்டர் முடிஞ்சதும் அவர்கிட்டயே பாதி விலைக்கு வித்துரலாம். முன்னாடி வச்சிருந்தவன் பென்சில்ல எழுதின கணக்கெல்லாம் அதுலயே இருக்கும். என் மார்க்குல பாதி அவனுக்குச் சேர வேண்டியது

[9.36] பெரியப்பா: பின்னாடி மிருகக்காட்சி சாலை. ஊர்ல இருந்து வர்றவங்க அதை உயிர் காலேஜ்னும், எழும்பூர் மியூசியத்தைச் செத்த காலேஜ்னும் சொல்லுவாங்க. அப்பத்தாவை ரெண்டுக்கும் கூட்டிட்டுப் போனேன். செத்த காலேஜ்தான் பிடிச்சிருந்துச்சு, நாத்தம் இல்லைன்னுச்சு

[9.37] அம்மா: 😂😂 அத்தான், அவங்க அப்படித்தான்

[9.39] பெரியப்பா: 1985 மே 30 தீப்பிடிச்சிருச்சு. நான் லீவுக்கு மதுரை வந்திருந்தேன், பேப்பர்ல பார்த்தேன். ஒரு கட்டமைப்பியல் புத்தகத்துக்கு விலை பேசி முடிச்சு, ஜூன்ல வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டு வந்திருந்தேன். அட்வான்ஸ் குடுக்கல. அவரும் கேக்கல

[9.40] சுந்தர் சித்தப்பா: இப்ப அந்த எடத்துலதானேண்ணே சபர்பன் ஸ்டேஷன்? இன்னும் மூர் மார்க்கெட் வளாகம்னுதான் பேரு

[9.41] பெரியப்பா: ஆமா. கார் நிறுத்துற பக்கம் பழைய கட்டடத்தைச் சின்னதா பொம்மை மாதிரி செஞ்சு வச்சிருக்கான். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. உயிர் காலேஜும் அதே வருஷம் வண்டலூர் போயிருச்சு

[9.44] கார்த்திகா: ரயில் ஒண்ணு, எரிஞ்சது ஒண்ணு. யாராவது போய் நின்னு பார்க்கிற மாதிரி சொல்லுங்களேன்

[9.45] சுந்தர் சித்தப்பா: பெங்களூர் எம்.ஜி. ரோடு இந்தியா காபி ஹவுஸ். வெள்ளை உடுப்பு, தலைப்பாகை கட்டின சர்வர்ங்க, தேய்ஞ்ச மேசை. ஒரு காபியை வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்தாலும் எழுப்ப மாட்டாங்க. எதிர்ல காகிதப்பூ மரத்து நிழல்ல நடைபாதை

[9.46] சுந்தர் சித்தப்பா: ஆனா 2009ல மூடிட்டாங்க. இப்ப சர்ச் ஸ்ட்ரீட்ல இருக்கு. நடைபாதை மெட்ரோவுக்குப் போச்சு

[9.46] கார்த்திகா: சித்தப்பா!!!

[9.47] வனஜா சித்தி: எங்களுக்கு மறக்க முடியாத இடம் அது ☺️ ஜன்னலோரம் மூணாவது மேசை

[9.48] மாலதி அத்தை: "எங்களுக்கு"ன்னா?

[9.48] மாலதி அத்தை: நீ கல்யாணத்துக்கு அப்புறம்தானே பெங்களூரையே பார்த்தேன்னு சொன்னே வனஜா? பொண்ணு பார்த்தது திண்டுக்கல்ல. நானும் வந்து கேசரி சாப்பிட்டேன்

[9.49] வனஜா சித்தி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

[9.49] பிரபு (சிங்கப்பூர்): அத்தை, ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு

[9.50] சுந்தர் சித்தப்பா: கார்த்தி, அண்ணிகிட்ட கேளு. புது மண்டபம் சொல்லுவாங்க

[9.51] மாலதி அத்தை: பேச்சை மாத்தாதடா

[9.58] அம்மா: புது மண்டபம்தான், மீனாட்சி கோயிலுக்கு எதிர்ல. ரெண்டு தூணுக்கு நடுவுல ஒரு தையல் மெஷின். துணியைக் குடுத்தா காலையில அளவெடுத்து சாயங்காலம் பாவாடை ரெடி. நாயக்கர் சிலை கையில அளவு நாடா தொங்கும், காலடியில வெட்டுத்துணி கிடக்கும். ஒரு பக்கம் குங்குமச் சிமிழு, பித்தளை விளக்கு, பழைய நோட்ஸு. சித்திரைத் திருவிழா நேரத்துல டெய்லர் நிமிர்ந்தே பார்க்க மாட்டாரு. கடையெல்லாம் இப்ப குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிருச்சு. சிற்பத்துக்கு நல்லதுதான். ஆனா நான் அங்க சிற்பத்தைப் பார்க்கவா போனேன்?

[9.59] கார்த்திகா: அம்மா, மண்டபம் நிக்குதுல்ல, அது போதும் எனக்கு

[10.03] பிரபு (சிங்கப்பூர்): என்னோடது எங்க பிளாக்குக்குக் கீழ வாய்ட் டெக். தூண் மட்டும் இருக்கும், சுவர் கிடையாது. ஒரு வாரம் மலாய்க் கல்யாணம், அடுத்த வாரம் அதே எடத்துல சீனச் சாவு. நடுவுல பசங்க பந்து விளையாடுவாங்க, கூடாதுன்னு போர்டு இருக்கும்

[10.04] கார்த்திகா: நன்றிண்ணா. நீ ஒருத்தன்தான் ஒழுங்கா சொன்னே

[10.05] பெரியப்பா: அப்பா என்ன சொல்றாங்க? கல்கத்தா இல்லாமலா?

[10.06] அம்மா: மாமா பக்கத்துலதான் இருக்காங்க. அவங்க சொல்றதை நான் டைப் பண்றேன்

[10.15] அம்மா: (மாமா சொல்றது) 1962ல இருந்து லேக் மார்க்கெட் பக்கம் மெஸ்ஸுல இருந்தேன். அங்க நம்மாளுக நெறைய, முருங்கைக்காய் கூட கிடைக்கும். டல்ஹௌசியில ஆபீஸ். தினமும் டிராம்தான். முன் பெட்டி ஃபர்ஸ்ட் கிளாஸ், ஃபேன் உண்டு. பின் பெட்டி செகண்ட் கிளாஸ், ஃபேன் கிடையாது, டிக்கெட் கம்மி. மாசம் பொறந்தா பத்து நாள் முன் பெட்டி, மிச்ச நாள் பின் பெட்டி. மணியார்டர் அனுப்பணும்ல

[10.17] அம்மா: (மாமா) பின் பெட்டியிலதான் பேச்சு நல்லா இருக்கும். 1953ல செகண்ட் கிளாஸ் கட்டணத்தை ஒரு பைசா ஏத்தினதுக்கு ஊரே கிளம்பி டிராமைக் கொளுத்தின கதையை அங்கதான் கேட்டேன். கொளுத்தினவரே எனக்கு எடம் விட்டு உக்கார வச்சார்

[10.18] சுந்தர் சித்தப்பா: அப்பா, 2024 செப்டம்பர்ல மேற்கு வங்க அரசாங்கம் டிராமை நிறுத்தப் போறதா சொல்லிருச்சு. மைதானத்துல இருந்து எஸ்பிளனேடு வரைக்கும் ஒரு துண்டு மட்டும் வச்சுக்குவாங்களாம்

[10.21] அம்மா: (மாமா) அந்தத் துண்டு நல்ல துண்டுதான். புல்லும் மரமுமா இருக்கும். ஆனா ஆபீஸுக்குப் போறவனுக்கு அது எதுக்கு? 1975ல நான் கிளம்பறப்ப மெட்ரோவுக்குத் தோண்டிக்கிட்டு இருந்தான், 1984ல ஓட்டிட்டான்

[10.22] கார்த்திகா: தாத்தா, டிராமை எப்படிக் குறிக்கிறது? ஏதாவது ஒரு ஸ்டாப் சொல்லுங்க

[10.26] அம்மா: (மாமா) ஒண்ணை மட்டும் எப்படிச் சொல்றது. எழுதிக்க. லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி, காளிகாட், ஹாஸ்ரா, பவானிப்பூர், எல்ஜின் ரோடு, எஸ்பிளனேடு, டல்ஹௌசி. காளிகாட்ல கூட்டம் ஏறும், எல்ஜின் ரோடு தாண்டினா காத்து வரும். ரெண்டையும் போடு

[10.27] கார்த்திகா: சரிங்க தாத்தா. கோடாவே போட்டுடறேன். அத்தைக்கும் கோடு

[10.28] மாலதி அத்தை: மாட்டுங்காவுல இருந்து தாணே வரைக்கும். ஸ்லோ லோக்கல்

[10.29] அப்பா: அருமை 👍

[10.31] மாலதி அத்தை: சுந்தர், போனை எடு

[10.33] மாலதி அத்தை: பிஸின்னு வருது. வனஜா, நீயாவது எடும்மா. திட்ட மாட்டேன், எந்த வருஷம்னு மட்டும் சொல்லு