லீவர் ரைஃபிள் நகல்: 20 அங்குலமா, 24 அங்குலமா? சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும்

கேட்டிக்காரன் | திங்கள், பிற்பகல் 12:52

வணக்கம். லீவரை ஆட்டித் தோட்டா ஏற்றும் பழைய அமெரிக்கத் துப்பாக்கியான வின்செஸ்டர் 1873 ரைஃபிளின் நகல் ஒன்று வாங்கப் போகிறேன். கடையில் இரண்டு இருக்கின்றன. ஒன்றின் குழல் 20 அங்குலம், விலை 1,290 டாலர். மற்றொன்று 24 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல், விலை 1,430. அந்த 140 டாலர் வித்தியாசத்துக்கு ஏதாவது பலன் உண்டா? அதே அலமாரியில் 16 அங்குலத்தில் குட்டையான ஒன்று 730 டாலருக்கு இருக்கிறது. அது மட்டும் ஏன் இவ்வளவு மலிவு என்று புரியவில்லை. கடைக்காரர் சனிக்கிழமை வரைதான் எடுத்து வைத்திருப்பாராம். நன்றி.

நெல்லைச்சீமை | திங்கள், பிற்பகல் 1:15

நகல் என்றால் எந்த நகல்? ஸ்பெயினில் டெனிக்ஸ் நிறுவனம் செய்கிற, சுடவே முடியாத அலங்காரத் துப்பாக்கியும் நகல்தான். சுவரில் மாட்டவா, சுடவா? சுவருக்கு என்றால் சுவரை அளந்துவிட்டு வாருங்கள், முடிந்தது.

பழைய_தோட்டா | திங்கள், பிற்பகல் 1:40

ஆயிரம் டாலருக்கு யாரும் சுவர் அலங்காரம் விற்பதில்லை, நெல்லை.

கேள்வி கேட்டவருக்கு: மாதம் ஒருமுறை யாராவது வந்து இதையே கேட்கிறார்கள். எந்த நிறுவனம்? எந்தக் காலிபர் (குழல் துளையின் அளவு, அதற்கேற்ற தோட்டா)? எண்கோணக் குழலா, வட்டக் குழலா? எதற்காக வாங்குகிறீர்கள்? இந்த நான்கையும் சொல்லாமல் நீளத்தை மட்டும் கேட்பது, "காய்ச்சல், மருந்து அனுப்பவும்" என்று வைத்தியருக்குத் தபால் அட்டை போடுவதைப் போன்றது. பதினெட்டு ஆண்டுகளாக இந்தத் துப்பாக்கிகளைக் கழற்றி மாட்டுகிறேன். எனக்கே இந்த விவரங்கள் இல்லாமல் பதில் சொல்லத் தெரியாது.

மலைக்கோட்டை | திங்கள், பிற்பகல் 2:05

என் பங்குக்கு ஐந்தாவது கேள்வி: எந்த மாநிலம், எந்த விசா? எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ பொதுவாகக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கடையில் நிரப்பச் சொல்லும் 4473 படிவத்திலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. கிரீன் கார்டு இருந்தால் சிக்கல் இல்லை. குழலின் நீளத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேட்டிக்காரன் | திங்கள், மாலை 5:31

மன்னிக்கவும், மதிய உணவு இடைவேளையில் அவசரமாக எழுதிவிட்டேன். சுடுவதற்குத்தான். டெக்சாஸ், கிரீன் கார்டு. இரண்டும் இத்தாலியின் உபெர்ட்டி, எண்கோணக் குழல், .357 மேக்னம். குட்டையானது பிரேசிலின் ரோசி, அதுவும் .357.

வேகமானி | திங்கள், மாலை 6:10

அப்படியென்றால் கணக்கு எளிது. .357 மேக்னத்தில் 158 கிரெய்ன் (குண்டையும் மருந்தையும் நிறுக்கும் சிறிய எடை அளவு) குண்டு, 4 அங்குலக் கைத்துப்பாக்கியிலிருந்து வினாடிக்குச் சுமார் 1,250 அடி வேகத்தில் புறப்படும். அதே தோட்டாவை 18, 20 அங்குல ரைஃபிளில் போட்டால் 1,700ஐத் தாண்டும். ஆனால் அந்த லாபத்தில் பெரும்பகுதி முதல் 16 அங்குலத்துக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. வெடிமருந்து அதற்குள் எரிந்து முடிந்துவிடும், பிறகு நீளம் கூடக் கூடக் கிடைப்பது சில்லறை. மெதுவான .38 ஸ்பெஷல் தோட்டா என்றால் நீண்ட குழலில் உராய்வினால் வேகம் குறையக்கூட வாய்ப்பு உண்டு. 24 அங்குலத்துக்குக் கொடுக்கும் 140 டாலர், இரும்புக்கடைக்குச் செய்யும் தானம்.

இரட்டைக்கண்ணாடி | திங்கள், இரவு 8:22

வேகமானிக்கு வயது முப்பதுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு 57. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு முன்குறி (குழல் நுனியில் உள்ள குறிபார்க்கும் முள்) எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு தெளிவாகத் தெரியும். 20 அங்குலத்தில் கலங்கலாகத் தெரிந்த முள் 24 அங்குலத்தில் எனக்கு நிமிர்ந்து நின்றது. இரண்டு குறிகளுக்கும் இடையிலுள்ள தூரம் கூடும்போது கை நடுக்கத்தால் வரும் பிழையும் குறைகிறது. 140 டாலர் கொடுத்துக் கண் வாங்க முடியுமானால் நான் இரண்டு ஜோடி வாங்குவேன்.

பழைய_தோட்டா | திங்கள், இரவு 9:04

வேகம், கண் எல்லாம் இருக்கட்டும். 1873 மாடலில் ரைஃபிள் என்றால் 24 அங்குலம், கார்பைன் என்றால் 20 அங்குல வட்டக் குழல், மஸ்கெட் என்றால் 30 அங்குலம். குட்டையான எண்கோணக் குழல் வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் தொழிற்சாலைக்குத் தனியாகச் சொல்லிச் செய்துகொள்ள வேண்டும். ஆகவே நகல் நகலாக இருக்க வேண்டுமானால் 24தான்.

அதைவிடப் பெரிய கூத்து காலிபர். .357 மேக்னம் பிறந்தது 1935இல். அந்த ரைஃபிள் பிறந்ததோ 44-40 தோட்டாவுக்காக. 1873 மாடலை .357இல் வாங்குவது தாத்தாவின் பஞ்சகச்சத்துக்கு ஜிப் வைத்துத் தைப்பது மாதிரி.

கருமருந்துப்பிரியன் | திங்கள், இரவு 9:30

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பழைய_தோட்டாவுடன் உடன்படுகிறேன். 44-40 என்ற பெயரிலேயே விளக்கம் இருக்கிறது: 44 காலிபர், 40 கிரெய்ன் கருமருந்து (புகையும் கரியும் கக்கும் பழைய காலத்து வெடிமருந்து). அந்தத் தோட்டாவின் கழுத்து மெல்லியது. சுட்டவுடன் விரிந்து அறையை அடைத்துக்கொள்ளும், புகைக்கரி பின்னால் வராது. ஒரு நாள் முழுக்கக் கருமருந்து சுட்டுவிட்டு நான் துடைப்பது குழலை மட்டும்தான்.

தென்றல்_டல்லஸ் | திங்கள், இரவு 9:58

அதே மெல்லிய கழுத்துதான் தோட்டாவை வீட்டில் மறுபடி நிரப்பும்போது அச்சில் இடித்துக்கொண்டு நசுங்கும். பத்துக்கு ஒன்று குப்பைக்குப் போகும். என் கை அப்படி என்று வேண்டுமானால் சொல்லுங்கள். பேசாமல் .45 கோல்ட் வாங்கச் சொல்லுங்கள். கௌபாய் என்றாலே .45தானே?

பழைய_தோட்டா | திங்கள், இரவு 10:11

இல்லை, இல்லை, இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஒரு லீவர் ரைஃபிள்கூட .45 கோல்ட் தோட்டாவுக்குச் செய்யப்படவில்லை. அந்தத் தோட்டாவின் விளிம்பு மிகச் சிறியது, ரைஃபிளின் கொக்கி பிடித்து இழுக்க அதில் இடமில்லை. லீவர் ரைஃபிளுக்குள் .45 நுழைந்தது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அன்றைய கௌபாய் ரைஃபிளுக்கும் இடுப்புத் துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா வைத்துக்கொள்ள நினைத்தால் 44-40 வாங்கினான். கோல்ட் நிறுவனமே 1870களின் இறுதியில் அந்தத் தோட்டாவுக்கு ரிவால்வர் செய்தது.

தென்றல்_டல்லஸ் | திங்கள், இரவு 10:19

என் .45 ரைஃபிள் இதுவரை எந்தக் கொக்கியிலும் சிக்கவில்லை. அதற்கு யாரும் வரலாறு சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

கருமருந்துப்பிரியன் | திங்கள், இரவு 10:26

சிக்காது. இன்றைய தோட்டாவின் விளிம்பு திருத்தப்பட்டது. ஆனால் .45இன் நேரான, தடித்த பித்தளைக் கூடு குறைந்த மருந்துக்கு விரியாது. பத்துத் தோட்டா சுட்டபின் உங்கள் கூட்டின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள், அடுப்பங்கரைச் சுவர் மாதிரி இருக்கும்.

மலைக்கோட்டை | செவ்வாய், காலை 7:40

கேட்டவர் .357 என்று சொல்லிவிட்டார். நீங்கள் மூவரும் 1878இல் இருக்கிறீர்கள். விலையைப் பற்றி யாரும் பேசவில்லையே.

1,290 என்பது அட்டையில் எழுதிய விலைதான். ஹூஸ்டன் பக்கம் விற்பனை வரி 8.25 சதவீதம், அதற்கே நூறு டாலருக்கு மேல் ஆகும். இணையத்தில் 60 டாலர் குறைவாகப் பார்த்தேன் என்று ஓடாதீர்கள். அதை உரிமம் பெற்ற உள்ளூர்க் கடைக்கு வரவழைத்து, அங்கே படிவம் நிரப்பி, அவருக்குக் கட்டணமும் கொடுத்தால் கணக்குச் சரியாகிவிடும். .357 ரைஃபிளில் .38 ஸ்பெஷலும் சுடலாம். அந்த 140 டாலருக்கு ஐந்தாறு பெட்டி .38 வரும். நான்கு அங்குல இரும்பைவிட முந்நூறு தோட்டாப் பயிற்சி அதிகம் கற்றுக்கொடுக்கும்.

ரோசி ஏன் மலிவு? அது 1873 அல்ல, 1892இன் நகல். ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. பின்புறம் இரண்டு செங்குத்துக் கட்டைகள் ஏறிப் பூட்டிக்கொள்ளும், 1873இன் முழங்கை மூட்டு அமைப்பைவிட உறுதியானது. பாகங்கள் குறைவு, வட்டக் குழல், மெருகும் சாதாரணம். ஆகவே மலிவு என்பதால் பலவீனம் என்று நினைக்காதீர்கள். 1873இன் வசதி வேறு: தோட்டாவைத் தாங்கும் பித்தளைப் பெட்டி நேராக மேலே எழும், கை வெண்ணெயில் போவதைப் போலப் போகும். அந்த வழவழப்புக்குத்தான் நீங்கள் கிட்டத்தட்ட இரட்டை விலை கொடுக்கிறீர்கள்.

நெல்லைச்சீமை | செவ்வாய், காலை 8:15

16 அங்குலம் சட்டப்படி சரியா? என் மைத்துனர் 18 என்றார்.

மலைக்கோட்டை | செவ்வாய், காலை 8:33

18 ஷாட்கன்னுக்கு. 1934 சட்டம் ரைஃபிளுக்கும் 18 என்றுதான் தொடங்கியது, 1960இல் அதை 16 ஆக்கினார்கள். மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. கடையில் 16 என்று விற்பது அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். வாங்கிய பிறகு வீட்டில் அரம் எடுத்து அழகுபடுத்தாதீர்கள்.

கேட்டிக்காரன் | செவ்வாய், பிற்பகல் 12:47

எல்லோருக்கும் நன்றி, நிறையக் கற்றுக்கொண்டேன். கௌபாய் போட்டிக்குத்தான் (பழைய பாணித் துப்பாக்கிகளால் கடிகாரத்தோடு சுடும் போட்டி), சொல்லவில்லையா? இன்னொன்று: சுடப்போவது நான் அல்ல, என் மனைவி. உயரம் 5 அடி 1 அங்குலம். அது முக்கியமா?

வேகமானி | செவ்வாய், பிற்பகல் 12:55

என் கணக்கையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பழைய_தோட்டா | செவ்வாய், பிற்பகல் 1:02

முதல் வரியில் இருந்திருக்க வேண்டிய செய்தி பதினேழாவது பதிவில் வருகிறது. நான் திங்கட்கிழமையே கேட்டேன்: எதற்காக?

வெள்ளிக்குதிரை | செவ்வாய், மாலை 6:48

ஆறு ஆண்டுகளாகக் கௌபாய் போட்டிகளில் சுடுகிறேன், என் உயரம் 5 அடி 2. இந்த இழையை நேற்றே பார்த்தேன், ஆண்கள் 44-40இல் மூழ்கியிருந்ததால் குறுக்கிடவில்லை.

அண்ணா, உங்கள் முதல் கேள்விக்கு: போட்டியில் இலக்குகள் இரும்புத் தகடுகள், பக்கத்திலேயே இருக்கும். 24 அங்குலத்தின் துல்லியம் அங்கே செலவாகாது. ஒரு சுற்றில் ரைஃபிளுக்குப் பெரும்பாலும் பத்துத் தோட்டா. .357இல் 20 அங்குலம் பத்து வாங்கும், 24 பதின்மூன்று வாங்கும், அந்த மூன்றும் சும்மா. 16 அங்குல ரோசி எட்டுதான் வாங்கும். கடிகாரம் ஓடும்போது மீதி இரண்டைக் கையால் போட வேண்டும், அந்த இடத்தில் போட்டி போய்விடும். அதனால் 730 டாலர் மலிவு இல்லை. வீட்டில் தகரக் குவளை சுடுவதற்கென்றால் அருமையான துப்பாக்கி.

அடுத்தது எடை. எண்கோணக் குழலின் வெளி அளவு எல்லாக் காலிபருக்கும் ஒன்றுதான். .357இன் துளை சிறியது, மிச்ச இரும்பு உள்ளேயே இருக்கிறது. ஆகவே .45ஐவிட .357 கனம். 24 அங்குலத்தில் அது எட்டுப் பவுண்டைத் தாண்டும், அதுவும் நுனியில். ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்கு முனையைத் திருப்பும்போது அது தானாக நிற்காது, நீங்கள் பிடித்து நிறுத்த வேண்டும். அத்தனை தகட்டுக்கும் அப்படிச் செய்தால் மறுநாள் இடது தோள் பேசும்.

இதையெல்லாம்விட முக்கியம் தோள்கட்டையின் நீளமும் வடிவமும். பழைய ரைஃபிள் பாணியில் பின்முனை பிறை மாதிரி வளைந்த இரும்பாக இருக்கும். அதைத் தோளின் குழியில் வைக்கக்கூடாது, கை சேருமிடத்துக்குச் சற்று வெளியே வைக்க வேண்டும். தெரியாமல் வைத்தால் நீலம் பாரிக்கும். கை எட்டாவிட்டால் கட்டையை அறுத்துக் குறைக்கலாம், அதற்கும் பணம் எடுத்து வையுங்கள்.

இவ்வளவும் நான் சொல்வதற்குப் பதில் அவரையே கடைக்கு அழைத்துப் போங்கள். ஒவ்வொன்றையும் தோளில் வைத்து மெதுவாக அறுபது எண்ணச் சொல்லுங்கள். முனை எந்த எண்ணில் தாழ்கிறதோ அதில் விடை இருக்கிறது.

மலைக்கோட்டை | செவ்வாய், இரவு 7:20

இதோடு நிறுத்தினால் நல்லது. ஒரே ஒரு சட்டச் சேர்க்கை: கிரீன் கார்டு உங்களுக்கு. அவருக்கு? அவர் எச்-4 போன்ற விசாவில் இருந்தால், நான் முன்பு சொன்ன விலக்கு எதுவும் இல்லாவிட்டால், அவர் கையில் துப்பாக்கி இருப்பதே தவறு. இருவருக்கும் கிரீன் கார்டு என்றால், உங்கள் பணத்தில் பரிசாக வாங்கிக் கொடுக்கலாம். அவர் பணத்தில் அவருக்காக நீங்கள் படிவம் நிரப்பினால் அது படிவத்தில் பொய் சொல்வது, குற்றம். அவரே கையெழுத்துப் போடுவது நல்லது.

இரட்டைக்கண்ணாடி | செவ்வாய், இரவு 8:41

அம்மையாரின் வயது என்ன? கண் பார்வை எப்படி? அதைப் பொறுத்து 24ஐ இன்னும் தள்ளிவிட வேண்டாம்.

தென்றல்_டல்லஸ் | செவ்வாய், இரவு 9:15

வெள்ளிக்குதிரையே சொல்லிவிட்டார், .45 எடை குறைவு. பதிவு செய்துகொள்ளவும்.

கருமருந்துப்பிரியன் | செவ்வாய், இரவு 9:22

44-40உம் எடை குறைவுதான். துளை ஏறக்குறைய அதே அளவு.

பழைய_தோட்டா | செவ்வாய், இரவு 9:50

கரியைத் துடைக்கும் துணியின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தென்றல்.

கேட்டிக்காரன் | ஞாயிறு, காலை 10:06

அவளும் கிரீன் கார்டுதான். நேற்று அழைத்துப் போனேன். 24ஐ இருபத்திரண்டு எண்ணும்வரை பிடித்தாள். 20 பரவாயில்லை என்றாள். பிறகு அவளே அலமாரியின் கோடியில் ஒரு 19 அங்குலக் கார்பைனை எடுத்தாள். அதுவும் உபெர்ட்டி 1873, வட்டக் குழல், தட்டையான பின்முனை. அது அங்கே இருந்ததை நான் பார்க்கவே இல்லை. அறுபது எண்ணிவிட்டு என்னிடம் பையைக் கொடுத்துப் படிவம் நிரப்பப் போய்விட்டாள். விலையும் 20ஐவிடக் குறைவு. அனைவருக்கும் நன்றி.

வெள்ளிக்குதிரை | ஞாயிறு, காலை 10:30

அவருக்கு வாழ்த்துகள் சொல்லுங்கள். போட்டியில் பார்க்கலாம்.

பழைய_தோட்டா | ஞாயிறு, காலை 10:34

எந்தக் காலிபர்?

பழைய_தோட்டா | புதன், இரவு 9:12

கேட்டிக்காரரே, கார்பைன் எந்தக் காலிபர் என்று கேட்டிருந்தேன்.