பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலம்: சூட்டில் மஞ்சளாகும் படலத்துக்கு என்ன செய்யலாம்?

கேள்வி (ஆய்வு மாணவி):
வணக்கம். மெத்தில்அம்மோனியம் ஈய அயோடைடு என்னும் பெரோவ்ஸ்கைட் (ஒளியை உறிஞ்சும் படிகப் பொருள்) படலத்தின் மேல், நேர்மின்னூட்டத்தைக் கடத்தும் ஸ்பைரோ-ஓமெடாட் (சுருக்கமாக ஸ்பைரோ) அடுக்கும் தங்க மின்முனையும் அமைத்து மின்கலங்கள் செய்துவருகிறேன். நைட்ரஜன் பெட்டிக்குள் இருட்டில் வைத்திருக்கும் வரை அவற்றின் செயல்திறன் குறைவதில்லை. ஆனால், அதே பெட்டிக்குள் 85 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால், கருப்பாக இருந்த படலம் ஓரங்களிலிருந்து மஞ்சளாகிவிடுகிறது. கலவையை மாற்றினால் செயல்திறன் போய்விடுமோ என்று தயங்குகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1:
நீங்கள் காணும் மஞ்சள், ஈய அயோடைடாகத்தான் இருக்க வேண்டும். ஈரமே இல்லாத இடத்திலும் அது தோன்றுகிறது என்றால், சூட்டில் மெத்தில்அம்மோனியம் சிதைந்து வாயுவாக வெளியேறுகிறது என்று பொருள். அதன் இடத்தில் ஃபார்மமிடினியத்தை வையுங்கள். அப்படி அமையும் படலத்தின் ஆற்றல் இடைவெளி (ஒளியை உறிஞ்சத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) ஏறத்தாழ 1.48 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே என்பதால் கூடுதல் ஒளியை உறிஞ்சும். ஆகவே செயல்திறனைப் பற்றிய தயக்கம் தேவையில்லை. தூய ஃபார்மமிடினியப் படலம் அறை வெப்பநிலையில் ஒளிக்குப் பயன்படாத வேறொரு மஞ்சள் கட்டத்துக்கு (படிக அமைப்புக்கு) மாறிவிடும் என்பதுதான் சிக்கல். சிறிதளவு சீசியம் சேர்த்தால் அந்த மாற்றம் தடைபடும். புரோமைடை அதிகம் கூட்ட வேண்டாம். ஒளி பட்டதும் அயோடைடும் புரோமைடும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்து மின்னழுத்தத்தைக் குறைத்துவிடும்.

பதில் 2:
கலவையை மாற்றுவது மட்டும் போதாது என்பது என் கருத்து. ஸ்பைரோவில் கலக்கும் லித்தியம் உப்பு ஈரத்தை இழுக்கும்; தங்கமோ சூட்டில் அந்த அடுக்கைக் கடந்து பெரோவ்ஸ்கைட்டுக்குள் ஊடுருவும். அடுக்குகளைத் தலைகீழாக அமைத்து, கீழே கார்பசோல் பாஸ்போனிக் அமிலத்தின் ஒற்றை மூலக்கூறு அடுக்கையும், மேலே சி60 (60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து வடிவ மூலக்கூறு), அதன் மீது அணு அடுக்குப் படிவு முறையில் வெள்ளீய ஆக்சைடையும் இட்டுப் பாருங்கள். அந்த ஆக்சைடு, உள்ளிருந்து வாயு வெளியேறுவதையும் உலோகம் உள்ளே இறங்குவதையும் ஒருசேரத் தடுக்கும்.

பதில் 3:
செயல்திறனையும் நிலைத்தன்மையையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. அயோடைடு இல்லாத வெற்றிடங்கள் வழியாகத்தான் அயனிகள் நகர்ந்து மின்முனையை அரிக்கின்றன. மேற்பரப்பில் உள்ள குறைகளில்தான் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற நேர்மின் இடம்) வீணாகச் சேர்ந்து மின்னழுத்தம் குறைகிறது. ஆகவே குறைகளைச் சரியாக மூடினால் இரண்டும் உயரும். எனினும் குறைகளை மூடப் பலர் பூசும் ஃபீனைல் எத்தில் அம்மோனியம் அயோடைடு, சூட்டில் படலத்துக்குள்ளேயே பரவிவிடக்கூடியது; பூசிய உடனே கிடைக்கும் அளவை மட்டும் நம்பாதீர்கள். 2009இல் 3.8 விழுக்காடாக இருந்த செயல்திறன் இன்று 26 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. உச்ச அளவைத் துரத்தியது போதும். ஒளி, சூடு, உச்சத்திறன் புள்ளி (மின்கலம் அதிகபட்ச மின்திறன் தரும் இயக்க நிலை) ஆகிய மூன்றும் சேர்ந்த நிலையில் மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதே முதலில் அறியப்பட வேண்டும். இருட்டில் வைத்திருந்து பெறும் முடிவு அதைச் சொல்லாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஸ்பைரோவை இப்போதைக்கு அப்படியே வைத்து, கலவையை மட்டும் முதலில் மாற்றிப் பார்க்கலாமா?

பதில் 1:
தாராளமாக. ஆனால் மின்முனை ஏதும் இடாமல், கண்ணாடி மேல் வெறும் படலத்தை முதலில் சூடாக்கி, எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவால் (படிக அமைப்பைக் காட்டும் சோதனை) சோதியுங்கள். தாமிரக் கதிர்மூலத்தில் 12.7 டிகிரி கோணத்தின் அருகே முகடு எழுந்தால் அது ஈய அயோடைடு, அதாவது சிதைவு, 11.8 டிகிரி அருகே எழுந்தால் ஃபார்மமிடினியத்தின் மஞ்சள் கட்டம், அதற்குச் சீசியத்தின் அளவைத்தான் திருத்த வேண்டும்.