வணிக வளாகங்களில் நம் கைபேசியைப் பின்தொடர்கிறார்களா? உங்கள் அனுபவம் என்ன? (தென்னாப்பிரிக்க வாசகர்கள் தங்கள் ஊர்ப் பெயரில் எழுதியவை)

சாட்ஸ்வர்த்:
டர்பனில் ஒரு பெரிய வணிக வளாகத்தில் இலவச வைஃபைக்காக என் கைபேசி எண்ணைக் கேட்டார்கள்; கொடுத்தேன். அதன்பின் அங்கே நுழையும்போதெல்லாம் 'மீண்டும் வருக' என்று குறுஞ்செய்தி வருகிறது. புரட்டாசி விரதத்துக்குக் காய்கறி வாங்கப் போனபோதும் வந்தது. கைபேசியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பழைய இணைப்பில் அது தானாகச் சேர்ந்திருக்கிறது. விளம்பரம் வந்தால் அழித்துவிடலாம். ஆனால் அதே கூரையின் கீழ்தான் மருந்துக்கடை, மருத்துவர் அறை, கடன் கொடுக்கும் அலுவலகம் எல்லாம் இருக்கின்றன. நான் எதன் வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்பது கடைக்காரர்களுக்கு எதற்கு? நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டேன். "வாடிக்கையாளர் வசதிக்காக" என்று ஒரே வரியில் பதில் வந்தது. யாருடைய வசதி?

ஃபீனிக்ஸ்:
அக்கா, கட்டடங்களுக்கு வைஃபை பொருத்துவது என் தொழில். இணைப்பில் சேராவிட்டாலும், வைஃபை திறந்திருக்கும் கைபேசி அக்கம்பக்கத்தில் இணைப்பு உண்டா என்று தேடிச் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதில் கருவியின் அடையாள எண்ணும் போகும். கூரையில் உள்ள வைஃபைப் பெட்டிகள் மூன்று நான்கு அதைப் பிடித்தால், சமிக்ஞையின் வலுவை ஒப்பிட்டு ஆள் நிற்கும் இடத்தை ஏறக்குறைய கணக்கிட்டுவிடலாம். ஆப்பிள் 2014இல் ஐஓஎஸ் 8 முதல், தேடும்போது போலி அடையாள எண் அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, இணைப்பில் சேரும்போதும் அந்த அடையாள எண்ணை மாற்றிக் காட்டுகிறது. ஆனால் உங்களைப் போல் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்தவர்களுக்கு அந்த மறைப்பால் பயனில்லை. இன்னொன்று எனக்கு மிகவும் உறுத்துகிறது. நாம் புதியது வாங்கிக்கொண்டு பழைய கைபேசியை அம்மாவிடமோ ஆயாவிடமோ கொடுக்கிறோம். இந்தப் பாதுகாப்பு இல்லாத கருவி அவர்கள் கையில்தான் இருக்கிறது. வெளியே கிளம்பும்போது அவர்களுடைய வைஃபையை அணைத்துவிடுங்கள். அமைப்புகளில் வைஃபைத் தேடலையும் தனியாக அணைக்க வேண்டியிருக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
2011இல் அமெரிக்காவில் இரண்டு வளாகங்கள் இப்படிக் கைபேசிகளைப் பின்தொடர்ந்தன. வேண்டாதவர்கள் கைபேசியை அணைத்துவிடலாம் என்று பலகை வைத்திருந்தார்கள். செனட்டர் சக் ஷூமர் எதிர்த்ததும் நிறுத்திவிட்டார்கள். கைபேசியை அணைத்துவிட்டுக் கடைக்குப் போ என்பது சம்மதம் கேட்கும் முறையா? பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் தாயால் அது முடியுமா?

நமக்கு இங்கே தென்னாப்பிரிக்காவில் போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2021 ஜூலை 1 முதல் அதை மீறுவோர்மீது நடவடிக்கை எடுக்க முடியும். சாட்ஸ்வர்த் அக்கா, 23ஆம் பிரிவைக் குறிப்பிட்டு மறுபடியும் எழுதுங்கள். உங்களைப் பற்றிய தகவல் அவர்களிடம் இருக்கிறதா என்ற கேள்விக்குக் கட்டணம் வாங்காமல் பதில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. யாருக்கெல்லாம் கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள். கேட்காமல் வரும் விளம்பரக் குறுஞ்செய்திகளைக் கட்டுப்படுத்த 69ஆம் பிரிவு இருக்கிறது. மழுப்பினால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுங்கள். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள், சேர்ந்தே எழுதலாம்.