வேட்டங்குடிக் கண்மாய்க் கரையும் ஒரு சாரணியின் குறிப்பேடும்

வகுப்பறைக்கு வெளியே கற்கும் பிள்ளைகளின் வளர்ச்சியை எதைக் கொண்டு அறிகிறோம் என்ற கேள்வி எழுந்ததால், காரைக்குடிப் பக்கம் சாரணியர் படை ஒன்றை நடத்திவரும் ஆசிரியை என்ற முறையில் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு, மழை ஓய்ந்து பறவைகள் குஞ்சு பொரித்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் மாணவியரை அழைத்துச் செல்வது எங்கள் வழக்கம். பெயர் சொல்லி அழைத்தாலும் எழுந்து நிற்கத் தயங்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, முதல் முறை வந்தபோது தன் குறிப்பேட்டில் "நிறையப் பறவைகள் பார்த்தோம், நன்றாக இருந்தது" என்று மட்டும் எழுதியிருந்தாள். அடுத்த முறை கண்மாய்க் கரையில் பைனாகுலரும் கையுமாக நின்றவள், நத்தைகுத்தி நாரையின் அலகு நுனியில் மூடியும் நடுவில் மூடாமலும் இருப்பதையும், குஞ்சுகளின் அலகில் அந்த இடைவெளி இல்லாததையும் படமாக வரைந்து, "வளர்ந்த பிறகுதான் வருமா?" என்று ஓரத்தில் எழுதிவைத்திருந்தாள். வளர வளரத்தான் அது தோன்றுகிறது என்பது உண்மையே.

அதைவிட எனக்கு வியப்பளித்தது வேறொன்று. கரையில் ஆடு மேய்த்த மூதாட்டி, "என்னாத்தா எழுதுற?" என்று கேட்டதும், அவள் தானாகவே அருகில் போய், "தீபாவளிக்கு இங்க வெடி போட மாட்டீங்களாமே அப்பத்தா, சின்னப் பிள்ளைக அழாதா?" என்று கேட்டு, விடையை அவர் பேச்சிலேயே எழுதிக்கொண்டாள். பறவைகள் மிரளக் கூடாதென்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பட்டாசைத் தவிர்ப்பது பலரும் அறிந்த செய்திதான். அதை முன்பின் தெரியாத ஒருவரிடம் அவளே கேட்டறிந்தாள் என்பதுதான் புதிது.

சாரணியருக்கு ஆளுநர் வழங்கும் ராஜ்ய புரஸ்கார் விருதுக்கான தேர்வில் முடிச்சு, முதலுதவி போன்றவை சோதிக்கப்படுகின்றன, அவை வேண்டியவையே. ஆனால், பேசாத பிள்ளை பேசியதைக் குறிக்க நாங்கள் நிரப்பும் படிவத்தில் இடமில்லை. 1956-இல் பிரிட்டனில் தொடங்கிய, இளைஞர்களுக்கான எடின்பரோ கோமகன் விருதில், பிறரோடு போட்டியின்றி, அவரவர் தமக்கென வகுத்துக்கொண்ட இலக்கை வைத்தே முன்னேற்றத்தைப் பார்க்கும் முறையை நான் விரும்புவது இதனால்தான். (பதக்கத்தின் மேல் நம் பெற்றோருக்குள்ள ஆசையைப் பார்த்தால், இங்கே அதுவும் போட்டியாகிவிடுமோ என்ற ஐயமும் உண்டு.)

ஆகவே, பெற்றோர் கூட்டத்தில் குறிப்பேட்டின் முதல் பக்கத்தையும் கடைசியாக எழுதிய பக்கத்தையும் அருகருகே வைத்துக் காட்டுகிறேன். அவற்றில் எழுத்துப் பிழையைக்கூட நான் திருத்துவதில்லை. சிவப்பு மையைக் கண்டுவிட்டால், அடுத்த முறை பிள்ளைகள் தாம் கண்டதை விட்டு, டீச்சருக்குப் பிடித்ததை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.