டிராயிங்கின் ரெவிஷன் சி (புதிய பதிப்பு) வந்தபின் மரையில் கேஜ் ஏறவில்லை, யார் முடிவெடுப்பது?

கேள்வி:
ராணுவத் தளவாடத்துக்கான எஃகு ஷாஃப்ட், கடினம் 42 எச்ஆர்சி (ராக்வெல் சி அளவு), எம்20×1.5 6ஜி மரை (20 மிமீ விட்டம், 1.5 மிமீ பிட்ச், 6ஜி என்பது அளவு வரம்பின் வகுப்பு). ரெவிஷன் சி-யில் காட்மியம் பூச்சை 8–13 மைக்ரான் என்று உயர்த்தினார்கள். பூச்சுக்குப் பின் கோ ரிங் கேஜ் (மரை சரியென்றால் ஏற வேண்டிய வளைய அளவி) ஏறவில்லை. டிராயிங்கில் தவறில்லை என்கிறது டிசைன். பூச்சுக்கு முன் ஏறியது என்கிறது ஷாப். கொள்முதலோ பழைய ரெவிஷனில் 40 பாகத்துக்கு ஆர்டர் போட்டாயிற்று. எந்த இடத்தில் பிடித்தால் இது தீரும்?

பதில் 1:
முதலில் எந்த கேஜ் என்று பாருங்கள். 6ஜி அளவு பூச்சுக்கு முன்னால்தான். பூச்சுக்குப் பின் 6எச் (பூச்சுக்கென்று இடம் விடாத வகுப்பு) கோ கேஜ் போட வேண்டும். பாதிச் சண்டை இங்கேயே முடிந்துவிடும், ஆனால் உங்கள் விஷயத்தில் முடியாது. 60 டிகிரி மரையில் பூச்சின் தடிமனைப் போல 4 மடங்கு பிட்ச் விட்டம் (மரைப் பல்லின் நடுவில் அளக்கும் விட்டம்) கூடும். 8 மைக்ரானுக்கு 32, 13-க்கு 52. இந்த மரைக்கு 6ஜி பூச்சுக்கென்று விடும் இடமே 32 மைக்ரான்தான். ஆக மேல் வரம்பில் கடைந்த மரை, 8-ஐத் தாண்டினால் மாட்டும். பூச்சுக்கு முன் 6இ (67 மைக்ரான் இடம் விடும் வகுப்பு) என்று டிராயிங்கில் எழுதச் சொல்லுங்கள். இது டிசைனின் வேலை. ஷாப் தலையில் கட்டாதீர்கள்.

பதில் 2:
மாட்டிய பாகங்களில் டை ஓட்டிச் சரிசெய்ய யாரையும் விடாதீர்கள். பூச்சு போய்விடும், அது ரீவொர்க் (டிராயிங்படியே திருத்துவது) ஆகாது, ரிப்பேர் (டிராயிங்கிலிருந்து விலகியே பயன்படுத்துவது). எம்ஆர்பி (பழுதான பாகங்களை என்ன செய்வதென்று முடிவெடுக்கும் குழு) ஒப்புதலும், ஒப்பந்தப்படி வாடிக்கையாளர் ஒப்புதலும் வேண்டும். உரித்து மறுபடி பூசினால் 4 மணி நேரத்துக்குள் 190 டிகிரி செல்சியஸில் பேக்கிங் (அடுப்பில் சூடாக்குதல்) தொடங்கி, குறைந்தது 23 மணி நேரம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூசும்போது எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜன் வெளியேறாமல் தங்கி, பாகம் சுமையில் திடீரென்று முறியலாம்.

அந்த 40 பாகம் பழுதல்ல, ரெவிஷன் பி-க்குச் சரியானவை. எந்த சீரியல் எண்ணிலிருந்து சி என்பதை மாற்றக் குழு எழுதட்டும். மாறிய மரைக்கும் பூச்சுக்கும் மட்டும் ஏஎஸ்9102 (விமானத் துறையின் முதல்பாக ஆய்வுத் தரநிலை) படி பகுதி முதல்பாக ஆய்வு போதும்.

பதில் 3:
யார் முடிவெடுப்பது என்றால்: அளவுக்கு டிசைன், நிறுத்தி வைக்கத் தரப்பிரிவு, எஃபெக்டிவிட்டிக்கு (எந்தப் பாகத்திலிருந்து மாற்றம் என்பதற்கு) மாற்றக் குழு. தலைமைப் பொறியாளர் கூட்டத்தை டிராயிங் வெளியாகுமுன் வைக்க வேண்டும், பிளேட்டிங் சப்ளையரையும் உட்கார வைத்து. 8–13 என்றதும் அவர்தான் முதலில் கேட்டிருப்பார், “மரைக்கும் இதே தடிமனா?” என்று.